பழைய வணிகக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் கண்காணிப்பு: சென்னைக் கட்டட உரிமையாளர்களுக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

அண்ணா சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், எண்பதுகளில் கட்டிய ஆறு மாடி வணிகக் கட்டடம். பரிசோதனைக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடியில், குழாய்கள் மேலேறும் ஷாஃப்டில் இருந்த வால்வு முழுக்க மூடியிருந்தது. தீயின் சூட்டில் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களுக்கு அந்த மாடியில் தண்ணீரே கிடையாது. விசாரித்தபோது, எட்டு மாதத்துக்கு முன் ஃபால்ஸ் சீலிங் வேலைக்காக மூடினார்களாம். வேலை முடிந்து கான்ட்ராக்டர் ஆட்கள் போய்விட்டார்கள். வால்வைத் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த வால்வில், யாராவது மூடினால் சொல்லும் டேம்பர் ஸ்விட்ச் இருந்தது, மூடிய அன்றே தீ அலாரப் பேனலில் சத்தமும் போட்டிருக்கிறது. "கத்திக்கிட்டே இருந்துச்சு சார். அதான் ஒயரைக் கழட்டிட்டு பேனல்லயே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு விட்டுட்டோம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த மூன்றாவது மாடிதான். ஸ்பிரிங்க்ளர் போடுவது பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். போட்ட ஸ்பிரிங்க்ளர் இன்று காலையில் வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, அந்தச் சேதியை யார் கேட்பது என்பது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் 1988 மே 4 இரவு 62 மாடி வங்கிக் கட்டடம் ஒன்று எரிந்தது. பழைய கட்டடத்தில் புதிதாக ஸ்பிரிங்க்ளர் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சுமார் 90 சதவீத வேலை முடிந்திருந்தது, குழாயும் ஸ்பிரிங்க்ளர் தலைகளும் தயார். ஆனால் நீரோட்ட அலாரத்தை இணைத்த பிறகு திறக்கலாம் என்று வால்வுகளை மூடி வைத்திருந்தார்கள். அன்றிரவு புகை அலாரம் அடித்தபோது காவல் ஊழியர்கள் அதை ரீசெட் செய்தார்கள். மீண்டும் அடித்தது, மீண்டும் ரீசெட் செய்தார்கள். என்னவென்று பார்க்க லிஃப்டில் மேலே போன பராமரிப்பு ஊழியர் ஒருவர் இறந்துபோனார். மூடிய வால்வு, அணைக்கப்பட்ட அலாரம், லிஃப்டில் தனியாகப் போன ஆள். இந்த மூன்றையும் பாரிமுனையிலும் ரிச்சி தெருவிலும் தி.நகரிலும் நான் வேறு வேறு வடிவில் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: காகிதங்களைத் தேடி எடுங்கள்

பழைய கட்டடங்களில் பெரும்பாலும் குழாய் வரைபடம் கிடைக்காது. ஆனாலும் தேடுங்கள். திட்ட அனுமதி வரைபடம், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை கொடுத்த உரிமமும் அதன் நிபந்தனைப் பக்கமும், பம்ப் வாங்கிய பில், இப்போதைய ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தம். இவற்றில் நிபந்தனைப் பக்கம்தான் முக்கியம். உங்கள் கட்டடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-ல் வந்தது. கட்டட விதிகள் 2019-ல் ஒரே தொகுப்பாயின. அவற்றின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டடம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. ஸ்பிரிங்க்ளர் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 15105, அலாரம் பேனலுக்கு ஐ.எஸ். 2189. ஏ.எம்.சி. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள். "பழைய கட்டடம்தானே, அந்தக் காலத்து விதிதானே பொருந்தும்" என்ற பேச்சை நம்பி உட்காராதீர்கள். மாடி சேர்த்திருந்தாலோ, அலுவலகமாக இருந்ததைக் கடையாகவோ கிடங்காகவோ மாற்றியிருந்தாலோ, பழைய உரிமம் சொல்லும் கட்டடம் இப்போது அங்கே இல்லை.

இரண்டாம் படி: வால்வுகளை எண்ணுங்கள்

ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு சம்பிலிருந்து மொட்டை மாடி வரை குழாயோடு நடந்து போங்கள். தண்ணீர் போகும் பாதையில் இருக்கும் ஒவ்வொரு வால்வையும் எழுதுங்கள். சம்பிலிருந்து பம்புக்கு வரும் சக்ஷன் வால்வு, பம்ப் டெலிவரி வால்வு, ஸ்பிரிங்க்ளருக்கென இருக்கும் கட்டுப்பாட்டு வால்வு, ஒவ்வொரு மாடியின் ஷாஃப்டிலும் இருக்கும் வால்வு, மேல்தொட்டி இணைப்பு. ஆறு மாடிக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். அவற்றில் ஒன்றிரண்டு, பிற்பாடு எழுப்பிய பிளைவுட் சுவருக்குப் பின்னால் மாட்டியிருக்கும். அந்தச் சுவரை அறுத்துக் கதவு வையுங்கள்.

ஒவ்வொரு வால்வுக்கும் எண் கொடுங்கள், தகடு தொங்கவிடுங்கள். திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். அதிகம் செலவில்லாத காரியம் இது. மின்னணு கண்காணிப்பு வரும்வரை உங்களைக் காப்பது அந்தப் பூட்டுதான். தீப் பாதுகாப்பில் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அமெரிக்க அமைப்பான என்.எஃப்.பி.ஏ.வின் பராமரிப்பு விதி, சீல் வைத்த வால்வை வாரம் ஒருமுறையும், பூட்டிய வால்வை மாதம் ஒருமுறையும் கண்ணால் பார்க்கச் சொல்கிறது. ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாமல் போன தீவிபத்துகளை அந்த அமைப்பு அலசிப் பார்த்தபோது, முதல் காரணமாக வந்தது தண்ணீர் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருந்ததுதான்.

மூன்றாம் படி: எந்தெந்தச் சேதி வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு ஸ்பிரிங்க்ளர் அமைப்பிலிருந்து பேனலுக்கு வர வேண்டிய சேதிகள் இவை. குழாயில் தண்ணீர் ஓடுகிறது. வால்வு மூடப்படுகிறது. பம்ப் ஓடுகிறது, அல்லது பம்புக்குக் கரன்ட் இல்லை, அல்லது செலக்டர் ஸ்விட்ச் 'ஆட்டோ'வில் இல்லை. டீசல் என்ஜின் பேட்டரி இறங்கிவிட்டது. தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டது. லைன் பிரஷர் குறைந்துவிட்டது.

இவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஓடுவது தீ அலாரம். ஹூட்டர் (அபாய ஒலிப்பான்) அடித்து ஆட்கள் வெளியேற வேண்டும். வால்வு, பம்ப், தொட்டி பற்றியவை எச்சரிக்கை. கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை, ஆனால் அந்த நிமிடமே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஒயர் அறுந்தது, பேட்டரி போனது எல்லாம் பழுது.

பழைய கட்டடங்களின் பெரிய தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்து ஸோன் பேனலில் (ஒரு பகுதிக்கு ஒரே விளக்கு உள்ளது) இடம் போதாமல், தண்ணீர் ஓடுவதைச் சொல்லும் ஃப்ளோ ஸ்விட்சையும் டேம்பர் ஸ்விட்சையும் ஒரே ஸோனில் கோத்துவிட்டிருப்பார்கள். பிளம்பர் வால்வைத் தொட்டாலும் 'தீ' என்றுதான் விளக்கு எரியும். நாலு முறை அப்படி நடந்ததும் எல்லாரும் சலித்துப்போய் ஹூட்டரை அணைத்து வைப்பார்கள். அண்ணா சாலைக் கட்டடத்தில் ஒயரைக் கழற்ற வைத்ததும் இதே சலிப்புதான். இரண்டையும் கட்டாயம் பிரியுங்கள். காலி ஸோன் இருந்தால் ஒன்றை எச்சரிக்கைக்கு மட்டும் ஒதுக்குங்கள், அதற்கு வேறு ஒலி வையுங்கள். ஸோன் இல்லையென்றால் அட்ரஸபிள் பேனலுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு மானிட்டர் மாட்யூல் வைத்து, "3வது மாடி வால்வு மூடல்" என்று பெயரோடு திரையில் வரவைக்கலாம். பேனலுக்குக் கரன்ட் போனாலும் 24 மணி நேரம் தாங்கும் பேட்டரி வேண்டும். பேட்டரியின் மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஃப்ளோ ஸ்விட்சைச் சோதியுங்கள்

ஃப்ளோ ஸ்விட்சுக்குள் ஒரு துடுப்பு போன்ற தகடு இருக்கும். தண்ணீர் ஓடினால் அது சாய்ந்து சேதி அனுப்பும். பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சிறு உதைப்புக்கெல்லாம் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, சில நொடி தாமதம் வைக்கும் திருகு உள்ளே இருக்கிறது. பொய் அலாரம் வந்தால் அந்தத் திருகைக் கடைசி வரை திருப்பிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். என்.எஃப்.பி.ஏ. விதிப்படி, ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர் திறந்தால் எவ்வளவு தண்ணீர் போகுமோ அந்த ஓட்டத்துக்கு, 90 நொடிக்குள் அலாரம் அடித்தாக வேண்டும்.

"ஒரே ஒரு ஸ்பிரிங்க்ளர்" என்பதைக் கவனியுங்கள். பரிசோதனைக்கு வரும் பலர், மாடி வால்வுக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய டிரெயின் (வடிகால்) வால்வைத் திறந்து, "பாருங்க சார், அடிக்குது" என்று காட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு இஞ்சு டிரெயினில் பாயும் தண்ணீர் எப்பேர்ப்பட்ட துருப்பிடித்த துடுப்பையும் தள்ளிவிடும். அலுவலகங்களில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் கே-80 வகைத் தலை, ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர்தான் விடும். அந்தச் சின்ன ஓட்டத்தை ஸ்விட்ச் உணர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் குழாயின் கடைக்கோடியில், ஸ்பிரிங்க்ளர் அளவே துளையுள்ள சோதனை வால்வு வைக்க வேண்டும். பழைய கட்டடத்தில் அது இல்லாமலே இருக்கும், அல்லது தண்ணீர் போக வழியில்லாமல் மூடிபோட்டு அடைத்திருப்பார்கள். கழிப்பறை ஷாஃப்டுக்கு ஒரு இணைப்பு கொடுத்தால் போதும். முதலில் செலவு செய்ய வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

செய்முறை எளிது. வாடகைதாரர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருவர் பேனலருகே, ஒருவர் சோதனை வால்வருகே, இருவர் கையிலும் போன். வால்வைத் திறந்ததும் ஸ்டாப்வாட்ச். எத்தனை நொடியில் ஹூட்டர் அடித்தது, எத்தனை நொடியில் பம்ப் எழுந்தது என்று எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். நொடிகள் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் துடுப்பு இறுகுகிறது, அல்லது குழாயின் உச்சியில் காற்று தங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். காற்று தங்கினால் பொய் அலாரமும் அதிகமாகும். காற்று வெளியேற்றும் வால்வு வைத்தால் தீரும்.

டேம்பர் ஸ்விட்சுக்கும் சோதனை உண்டு. வால்வின் சக்கரத்தை மூடும் பக்கம் திருப்புங்கள். இரண்டு சுற்றுக்குள், அல்லது மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள், பேனலில் எச்சரிக்கை வர வேண்டும். முழுக்க மூடிய பிறகு வரும் எச்சரிக்கையால் பயனில்லை.

ஒயரையும் விட்டுவிடாதீர்கள். லைன் அறாமல் இருக்கிறது என்று பேனலுக்குக் காட்டும் ரெசிஸ்டரைக் கடைசி ஸ்விட்சில்தான் பொருத்த வேண்டும்; அதைப் பேனலுக்குள்ளேயே போட்டுவிட்டால், நடுவில் ஒயரை எலி கடித்தாலும் பேனல் "எல்லாம் நலம்" என்றே காட்டும். ஜார்ஜ் டவுன் பக்கத்துக் கிடங்குகளில் எலி கடிக்காத ஒயர் அபூர்வம். கடைசி ஸ்விட்சில் ஒரு ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் பேனலில் பழுது விளக்கு எரியாவிட்டால் அந்த லைன் கண்காணிப்பில் இல்லை.

ஐந்தாம் படி: பம்ப் அறையும் தொட்டியும்

பம்ப் அறை எப்படிச் சீரழிகிறது என்பதைப் பல கட்டடங்களில் ஒரே வரிசையில் பார்த்திருக்கிறேன். லைனில் 7 கிலோ பிரஷர் இருக்கிறது என்று வையுங்கள். கசிவால் 6-க்கு இறங்கினால் ஜாக்கி எனும் சின்ன பம்ப் எழுந்து நிரப்பிவிட்டு நிற்கும். 5-க்கு இறங்கினால் மெயின் பம்ப், 4-க்கு இறங்கினால் டீசல் பம்ப். குழாய் பழசாகிக் கசிவு கூடுகிறது. ஜாக்கி அடிக்கடி எழுகிறது. கரன்ட் பில் ஏறுகிறதென்று ஒருவர் ஜாக்கியை நிறுத்துகிறார். பிரஷர் இறங்கி நடுராத்திரியில் மெயின் பம்ப் தானாக ஓடுகிறது. வாட்ச்மேன் பயந்துபோய் அதை 'மேனுவ'லுக்குத் திருப்புகிறார். இப்போது குழாயில் பிரஷரும் இல்லை, தானாக எழும் பம்பும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் எங்கோ ஒரு ஜாயின்டில் சொட்டிய கசிவு.

இதை முதல் கட்டத்திலேயே பிடிக்க, ஜாக்கி பேனலில் ஒரு சின்ன கவுன்டர் போதும். ஒரு நாளில் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது என்று தினமும் காலையில் எழுதுங்கள். நான்கு, ஐந்து என்று இருந்தது திடீரென முப்பதானால் கசிவைத் தேடுங்கள். செலக்டர் ஸ்விட்ச் 'ஆட்டோ'விலிருந்து விலகினாலே பேனலுக்கு எச்சரிக்கை போகும்படி இணைப்பு கொடுங்கள். டீசல் என்ஜினை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். மெயின் பம்புக்கான கரன்ட், கட்டடத்தின் மெயின் பிரேக்கருக்கு முன்பே தனியாகப் பிரிகிறதா என்று பாருங்கள். தீ என்றதும் யாராவது ஓடிப்போய் மெயினை அணைப்பார்கள். அதோடு பம்பும் நின்றுவிடக் கூடாது.

தொட்டி விஷயம் சென்னைக்கே உரியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தோமே, அப்போது எத்தனை கட்டடங்களில் தீயணைப்புச் சம்பிலிருந்து கழிப்பறைக்குத் தண்ணீர் இறைத்தார்கள்! தாகத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அடுத்த கோடைக்கு முன் ஒரு வேலை செய்யலாம். ஒரே சம்ப் என்றால், புழக்கத்துக்கான சக்ஷன் குழாயின் வாயைத் தீயணைப்பு இருப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றி வையுங்கள். எவ்வளவு இறைத்தாலும் கோட்டுக்குக் கீழே இறங்காது. அந்தக் கோட்டில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்துப் பேனலில் இணையுங்கள்.

மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அடித்தளத்துப் பம்ப் அறைகள் மூழ்கின. பம்பை மேலே ஏற்ற முடியாவிட்டாலும், கன்ட்ரோல் பேனலையும் டீசல் பேட்டரியையும் ஆள் உயரத்துக்கு ஏற்றலாம். அறைத் தரையில் தண்ணீர் சேர்ந்தால் சொல்லும் சென்சார் ஒன்றையும் வையுங்கள். கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் உப்புக் காற்று ஸ்விட்ச் பெட்டிகளின் டெர்மினல்களை அரித்துவிடும். மாதாமாதம் திறந்து பார்க்க வேண்டும். போர்வெல் தண்ணீர் நிரப்பிய பழைய எஃகுக் குழாய்க்குள் துருவும் சுண்ணமும் கட்டியாகச் சேர்ந்திருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு முனையைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

ஆறாம் படி: தலைகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள்

கண்ணாடிக் குமிழின் நிறம் அது உடையும் வெப்பத்தைச் சொல்லும். ஆரஞ்சு 57, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93 டிகிரி. அறையின் உச்ச வெப்பத்தைவிடச் சுமார் 30 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். எனவே மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கத்திரி வெயிலுக்குச் சிவப்புக் குமிழ் பத்தாது. பெயின்ட் அடித்த தலையைச் சுரண்டி மீட்க நினைக்காதீர்கள், மாற்றுங்கள். தலைக்குக் கீழே அரை மீட்டருக்குள் சரக்கு அடுக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடைகளில் இதைப் பார்க்க மறக்காதீர்கள்.

ஏழாம் படி: சேதியைக் கேட்கப் போவது யார்

2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடைக் கட்டடத்தில் தீப்பிடித்தது, கடை திறக்காத அதிகாலை நேரத்தில். ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. வணிகக் கட்டடத்துக்கு ஆபத்தான நேரம் ஆளில்லாத நேரம். பல வெளிநாடுகளில் பேனல் சேதி நேராக ஒரு கண்காணிப்பு மையத்துக்குப் போகும், அங்கிருந்து தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகும். நம் பழைய கட்டடங்களில் அந்த இடத்தில் இருப்பவர் ஒரு இரவு வாட்ச்மேன்.

அவரை மதித்துச் சொல்லிக் கொடுங்கள். ஒரு கட்டடத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம், "அண்ணே, இந்த சிவப்பு லைட் எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "செக்ரட்டரி சாருக்கு போன் போடுவேன். அவரு எடுக்கலேன்னா காலையில சொல்லிடுவேன்" என்றார். அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது அவ்வளவுதான். பேனலின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினோம்: சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் 101. பிறகு செயலாளர். ரீசெட் பொத்தானைத் தொடாதே. லிஃப்டில் போகாதே. மஞ்சள் விளக்கென்றால் (எச்சரிக்கை அல்லது பழுது) செயலாளர், அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது எண், மூன்றாவது எண். வாட்ச்மேன் இந்தி பேசுபவராக இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள். முக்கியமாக, பொய் அலாரத்துக்கு 101-ஐக் கூப்பிட்டுவிட்டார் என்று அவரை ஒருநாளும் திட்டாதீர்கள்.

மூன்று பேர் போனுக்கு எஸ்.எம்.எஸ்ஸும் அழைப்பும் அனுப்பும் ஜி.எஸ்.எம். டயலரைப் பேனலில் இணைக்கலாம். அதன் சிம் ரீசார்ஜ் முடிந்துபோய் மாதக்கணக்கில் ஊமையாகக் கிடப்பது சகஜம். ரீசார்ஜ் தேதியை லாக்புக்கில் எழுதி, வாரம் ஒரு சோதனைச் சேதி வர வைத்துவிடுங்கள். மிக்ஜாம் நாட்களில் செல்போன் டவர்களே பல பகுதிகளில் இயங்கவில்லை. எனவே டயலர் இருந்தாலும் ஆள் வேண்டும்.

எட்டாம் படி: மூட வேண்டி வந்தால்

வேலைக்காக வால்வை மூடத்தான் வேண்டியிருக்கும். மூடும் முறையை மட்டும் எழுதி வையுங்கள். ஒரே ஒருவர் கையில்தான் பூட்டுச் சாவி. மூடும்போது வால்வில் சிவப்பு அட்டை. மூடியவர் பெயர், நேரம், எப்போது திறக்கப்படும் என்பது அதில் இருக்க வேண்டும். அதே அட்டையின் மறுபாதி பேனலில் தொங்க வேண்டும். அந்த நேரத்தில் வெல்டிங், கட்டிங் எதுவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரத்துக்கு மேல் அமைப்பு முடங்கினால், அந்தப் பகுதியைக் காலி செய்வது, அல்லது தீக்காவலுக்கென்றே ஆள் போட்டுச் சுற்றி வரச் செய்வது என்பது என்.எஃப்.பி.ஏ. வழக்கம். நம் கட்டடங்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். வேலை ஒரு நாளில் முடியாதென்றால் மாலையில் தற்காலிகமாக மூடிபோட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, காலையில் மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

திறந்த பிறகு, "திறந்தாச்சு சார்" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். மெயின் டிரெயின் சோதனை செய்யுங்கள். பிரஷர் கேஜில் நிற்கும் அளவை எழுதுங்கள். டிரெயினை முழுக்கத் திறந்து, முள் நிலைத்ததும் அந்த அளவையும் எழுதுங்கள். டிரெயினை மூடி, முள் பழைய இடத்துக்கு ஏற எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஓடும்போதுள்ள பிரஷர், முந்தைய சோதனையில் ஓடும்போது இருந்த அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், வழியில் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது, அல்லது குழாய் அடைத்திருக்கிறது. கைப்பிடியும் ஸ்விட்சும் பொய் சொன்னாலும் இந்த முள் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே தகடு கழன்று, வெளியே 'திறப்பு' என்று காட்டிய ஒரு வால்வை நாங்கள் கண்டுபிடித்தது இப்படித்தான்.

முதன்முறை எடுத்த இந்த மூன்று அளவுகளையும் தேதியோடு ஒரு அட்டையில் எழுதி, லேமினேட் செய்து, பம்ப் அறைச் சுவரில் கேஜுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். ஏ.எம்.சி. நிறுவனம் மாறும், செயலாளர் மாறுவார், வாட்ச்மேன் மாறுவார். ஒப்பிட்டுப் பார்க்க அந்த அட்டை அங்கேயே இருக்கும்.